தேங்கிய எஞ்சின் ஆயிலை விற்கலாமா?

மளிகையோடு எஞ்சின் ஆயிலும் விற்கும் நம் உறுப்பினர்கள், இருப்பு எடுக்கும்போது கேட்பது இதுதான்: "நாலு வருஷச் சரக்கு கிடக்கிறது, விற்கலாமா?"

சீல் பிரிக்காத டப்பா, வெயில் படாத குடோனில் இருந்தால் பொதுவாக ஐந்தாண்டு தாங்கும் என்பது மொபில் கம்பெனியின் கணக்கு. தயாரிப்பு மாதமும் ஆண்டும் டப்பாவிலேயே இருக்கும். முந்தி வந்ததை முதலில் விற்றுவிடுங்கள்.

ஆயிலுக்குப் பெரும் பகை தண்ணீர். பகலில் சூடேறிய பேரல் இரவில் ஆறும்போது, மேலே தேங்கிய மழைநீரை மூடி வழியே உள்ளே இழுக்கும். காந்திபுரத்தில் இடமில்லாமல் பேரலை வெளியே வைப்போர், ஐப்பசி மழைக்கு முன் அதைப் படுக்க வையுங்கள். இரு மூடிகளும் கிடைமட்டமாக, கடிகாரத்தில் 3, 9 உள்ள இடத்தில் இருக்கட்டும். உள்ளே ஆயில் மூடியை நனைத்தபடி இருந்தால் காற்றும் நீரும் புகாது.

ஆயில் பால் போலக் கலங்கினால் தண்ணீர் சேர்ந்துவிட்டது. அடியில் கசடு படிந்தால் சேர்மானம் பிரிந்துவிட்டது. இரண்டும் விற்பனைக்கு ஆகாது.

தெளிவாக இருந்தாலும் தரக்குறியைப் பாருங்கள். ஏபிஐ எஸ்எஃப் ஆயில் 1988க்குப் பின் வந்த பெட்ரோல் கார்களுக்குப் பொருந்தாது. 2020 ஏப்ரல் முதல் வரும் பிஎஸ்-6 வண்டிகளுக்கு, வண்டிப் புத்தகம் சொல்லும் தரத்தையே கொடுங்கள்.

எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகள் விலை குறைத்துத் தந்தாலும், தேதி பார்த்தே சரக்கு எடுங்கள். டப்பாவுக்குக் கிடைப்பது சில ரூபாய்; எஞ்சின் சீஸ் ஆனால் வாடிக்கையாளருக்கு ஆயிரக்கணக்கில் செலவு, நமக்குக் கடைப் பெயர் நஷ்டம்.