படம் காட்டுவதும் ஒரு கலையே!

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

திரைப்படம் எடுப்பது ஒரு கலை என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. நடிகரைப் பாராட்டுகிறோம், இயக்குநரைப் பாராட்டுகிறோம், கட்டவுட்டுக்குப் பாலாபிஷேகமும் செய்கிறோம். ஆனால் எடுத்த படத்தை ஒழுங்காகக் காட்டுவதும் ஒரு கலைதான் என்று எண்ணிப் பார்த்தோமா? கொட்டகையின் பின்சுவரில் உள்ள சிறு சன்னலுக்கு அப்பால் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பற்றிச் சேலத்துக்காரர்களாகிய நாம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

சேலம் சினிமா பார்த்த ஊர் மட்டுமன்று; சினிமா செய்த ஊர். டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் நாற்பது திருடர்களும்' (1956) ஆகிய இரண்டும் அந்த நிறுவனத்தின் படைப்புகளே. ஏற்காடு சாலையில் அதன் நுழைவாயில் வளைவு மட்டும் எஞ்சி நிற்கிறது.

எடுத்தவர்களின் கதையைப் போலவே காட்டியவர்களின் கதையும் சுவையானது. திருச்சியில் இரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கிக்கொண்டு, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். (அதே 1905இல்தான் ஐன்ஸ்டீன் ஒளிமின் விளைவுக்கு விளக்கம் தந்தார். பிற்காலத்தில் பேசும்படத்தைப் பேச வைத்த ஒளிமின்கலம் அந்த விளைவால்தான் இயங்குகிறது. இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க மாட்டார்கள்!) வின்சென்ட் 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கைக் கட்டினார். பின்னாளில் அது டிலைட் ஆயிற்று. இன்று அங்கே படம் இல்லை. தெருவுக்கு வெரைட்டி ஹால் சாலை என்ற பெயர் இருக்கிறது. சென்னை மவுண்ட் ரோட்டில் 1913இல் தோன்றிய எலக்ட்ரிக் தியேட்டர் அஞ்சல் துறையின் கைக்குப் போய், தபால்தலை விற்பனைக்கு இடமாயிற்று. மதுரையில் 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யைத் திரையிட்ட தங்கம் தியேட்டரில் 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். அதுவும் இடிக்கப்பட்டு வணிகக் கட்டடமாகிவிட்டது.

இப்படிப்பட்ட அரங்குகள் மறைவதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கட்டடத்துக்காகவே கண்ணீர் விடுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பழைய கட்டடம் என்பதாலேயே அதில் படம் நன்றாகத் தெரிந்துவிடாது. தூணுக்குப் பின்னால் டிக்கெட் கிழித்துக் கொடுத்த கொட்டகைகளும் உண்டு. மின்விசிறி இரைச்சலில் பாதி வசனம் போய்விடும். 2,500 பேர் அமரும் அரங்கில் கடைசி வரிசைக்காரருக்குத் திரை ஓர் அஞ்சலட்டை அளவுதான்! ஆகவே நான் இழப்பு என்று கருதுவது சுவரையும் வளைவையும் அல்ல. சன்னலுக்குப் பின்னால் இருந்த கவனத்தை.

அந்தக் கவனம் எப்படிப்பட்டது என்று எங்கள் அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு பெரியவரிடம் கேட்டறிந்தேன். டூரிங் கொட்டகையில் தொடங்கி, சேலம் டவுன் அரங்குகள் வரை ஆபரேட்டராக வேலை பார்த்தவர். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் அவர் சொன்னதில் பாதி எங்கள் ஒளியியல் பாடத்தில் வருகிறது.

35 மி.மீ. சுருள் நொடிக்கு 24 கட்டம், நிமிடத்துக்கு 90 அடி என்ற வேகத்தில் ஓடும். 14,000 அடிப் படம் என்றால் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். கட்டங்கள் வழுக்கிக்கொண்டு ஓடினால் திரையில் ஒன்றும் புரியாது. ஒவ்வொரு கட்டமும் ஒளிக்கு முன் கணநேரம் நின்று நின்று போக வேண்டும். நிற்கும்போதும் கதவுத் தகடு ஒளியை ஒருமுறை மறைத்துத் திறப்பதால், ஒரே கட்டத்தை நாம் இருமுறை பார்க்கிறோம். நொடிக்கு 48 மின்னல்! அதனால்தான் படம் துடிப்பதில்லை.

ஒலி இன்னும் வேடிக்கை. படம் தெரியும் இடமும் ஒலி படிக்கப்படும் இடமும் கருவியில் வேறு வேறு. ஆகவே ஒலித்தடத்தைச் சுமார் 20 கட்டம் முன்தள்ளியே அச்சிட்டிருப்பார்கள். இடையில் சுருள் வளைவை ஆபரேட்டர் சரியான அளவில் விட வேண்டும். கூடுதலாக விட்டால் கதாநாயகி வாயை மூடிய பிறகு குரல் வரும். "அத கண்ணால பாத்துச் செய்யறதில்ல தம்பி, வெரல் சொல்லும்" என்றார் பெரியவர்.

வெளிச்சத்துக்குக் கார்பன் வில்விளக்கு. இரு கரிக்குச்சிகளுக்கு நடுவே மின்வில் எரியும். எரிய எரியக் குச்சி தேயும். இடைவெளி மாறினால் திரையில் ஒளி மங்கும், நிறமும் கெடும். ஆகவே படம் ஓடும் நேரமெல்லாம் அவர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். 2,000 அடி ரீல் 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும். தீரும் சமயத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி தோன்றி மறையும். அடுத்த கருவியின் மோட்டாரை அப்போது ஓட விட வேண்டும். ஏழு நொடி கழித்து மறுபுள்ளி. உடனே ஒளியை மாற்ற வேண்டும். ஒழுங்காக மாற்றினால் ஒருவருக்கும் தெரியாது. தவறினால் கொட்டகையே விசிலடிக்கும். இதுதான் அவர் தொழிலின் விதி: நன்றாகச் செய்தால் பெயர் இல்லை!

'ராஜராஜ சோழன்' (1973) தமிழில் சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்ததும் வேலை கூடியது. அகலத்தில் பாதியாக நெருக்கிய படத்தைத் தனி லென்ஸால் இருமடங்கு விரிக்க வேண்டும். விரிக்காவிட்டால் சோழ வீரர்கள் பனைமரம் போல நிற்பார்கள். திரையின் ஓரத்துக் கறுப்புத் திரைச்சீலைகளையும் படத்தின் அளவுக்குத் தக்கவாறு விலக்க வேண்டும்.

இப்போது சுருள் போய்விட்டது. 2000களின் நடுவில் வந்த டிஜிட்டல் முறை பத்தாண்டுக்குள் ரீல் பெட்டியை ஒழித்துவிட்டது. இதை நான் குறை சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் பெரிய நகரங்களில் ஓடித் தேய்ந்த பிரதிதான் சிறிய ஊருக்கு வரும். கீறல்கள் கோடு கோடாக விழுவதை "படத்துல மழை பெய்யுது" என்பார்கள். இன்று சென்னையில் பார்க்கும் அதே படம் அதே நாளில் நம் பக்கத்துக்கும் வருகிறது. ஐம்பதாம் நாளும் கீறல் இல்லை. ஏழை ரசிகனுக்கு விஞ்ஞானம் செய்த நன்மை இது.

ஆனால் கணிப்பொறியில் நேரத்தைக் குறித்துவிட்டால் படம் தானே ஓடுகிறது. திரையைப் பார்க்க ஆள் இல்லை!

சென்ற ஆண்டு என் தாயாரை ஓர் அரங்குக்கு அழைத்துப் போயிருந்தேன். இரவுக் காட்சிகளில் முகங்களே தெரியவில்லை. வெளியே வந்ததும், "எனக்குக் கண்ணு மங்கிப் போச்சாட்ட இருக்குது கண்ணு" என்றார். நான் நம்பவில்லை. அன்று காலையில்தான் அவர் சன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்ததைப் பார்த்திருந்தேன். அடுத்த வாரம் அதே படத்துக்கு வேறோர் அரங்குக்கு அழைத்துப் போனேன். "இங்க பளிச்சுனு இருக்குதே!" என்றார். கண்ணில் குறை இல்லை; குறை விளக்கில். முதல் அரங்கில் போய்ச் சொன்னபோது, "பல்பு என்ன வெல தெரியுமா தம்பி?" என்று திருப்பிக் கேட்டார்கள். எனக்கு உறைத்தது பல்பின் விலை அல்ல. காசு கொடுத்துப் போன ஒரு பெண்மணி, திரை இருட்டாயிருப்பதற்குத் தன் கண்ணைக் குற்றம் சொல்லிக்கொண்டாரே, அதுதான்.

விளக்கு மங்குவதற்கு இயற்பியல் காரணங்கள் எளியவை. செனான் விளக்கு எரிய எரிய ஒளி குறையும். மாற்றும் காலம் வந்தும் மாற்றாமல் இழுப்பார்கள். திரையைப் பெரிதாக்கி விளம்பரம் செய்வார்கள், விளக்கு பழையதே. 20 அடி அகலத் திரையில் விழுந்த ஒளியை அதே விகிதத்தில் 40 அடிக்குப் பரப்பினால் பரப்பு நான்கு மடங்கு, வெளிச்சம் நான்கில் ஒரு பங்கு. டிஜிட்டல் படத்துக்குத் திரையின் நடுவில் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா ஒளிர்வு வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட அளவு. முப்பரிமாணப் படத்தில், கண்ணாடி வழியே ஒவ்வொரு கண்ணுக்கும் எட்டுவது பாதிக்கும் வெகு கீழே. அதற்கென்று போடும் வெள்ளி பூசிய திரையில் சாதாரணப் படம் ஓடினால், நடுவில் பளபளப்பு. ஓரத்து இருக்கைக்காரருக்கு மங்கல்.

பழைய பெரிய அரங்கை மூன்றாகத் தடுத்துச் சிறு அரங்குகளாக்குவதும் நடக்கிறது. பிழைக்க அவர்களுக்கும் வழி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருவியைத் திரைக்கு நேரே வைக்காமல் ஒரு பக்கமாக வைத்துவிட்டால் படம் ஒருபுறம் அகன்று மறுபுறம் குறுகிவிடும். 1964இல் வந்த 'கர்ணன்' 2012இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வந்ததிலிருந்து பழைய படங்களைத் திரையிடும் ஆர்வம் பெருகியிருக்கிறது. அவற்றில் பல சதுரத்தை ஒட்டிய அளவில் எடுக்கப்பட்டவை. அகலத் திரையை நிரப்ப வேண்டும் என்று இழுத்துக் காட்டினால் எல்லோருக்கும் கன்னம் உப்பிவிடும். வெட்டிக் காட்டினால் கிரீடம் போய்விடும்.

பெரியவரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: "படம் சரியாகக் காட்டுகிறார்களா என்று இருக்கையில் இருந்தே கண்டுபிடிப்பது எப்படி?" பெயர்கள் வரும்போதே பார்த்துவிட வேண்டுமாம். எழுத்துகள் நடுவில் கூர்மையாகவும் ஓரத்தில் மங்கலாகவும் இருந்தால் லென்ஸ் சரியில்லை. ஓர எழுத்தில் பாதி சுவருக்குப் போனால் அளவு சரியில்லை. வெள்ளை எழுத்து பழுத்துத் தெரிந்தால் விளக்கு சரியில்லை. "அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சுரும். எந்திரிச்சுப் போயி சொல்லு. எடவேள வரைக்கும் பொறுக்காத" என்றார்.