அப்பீல் கெடுவும் மே மாத விடுமுறையும்

கடன் பாக்கிக்காகத் தாவா போடும் வணிகர்கள் பிராது எழுதும்போது காட்டும் அக்கறையைத் தீர்ப்புக்குப் பிறகு காட்டுவதில்லை. தோற்றவர் மனம் விட்டு உட்கார்ந்துவிடுகிறார். ஜெயித்தவர் பணம் வந்துவிட்டதாகவே நினைத்துக்கொள்கிறார். போதாக்குறைக்கு, "மே மாதம் கோர்ட்டு லீவு, அந்த ஒரு மாதம் அப்பீல் கணக்கில் சேராது" என்று கடைத்தெருவில் ஒரு பேச்சும் உண்டு. இது பாதிதான் சரி. மீதிப் பாதியை நம்பினால் கைமுதலே போய்விடும். ஆகவே இந்தக் கணக்கைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

நம் பகுதி உரிமையியல் கோர்ட்டுகள் எந்தச் சட்டத்தின்படி நடக்கின்றன என்று கேட்டால், விடை 1873-ஆம் வருடத்துக்குப் போகிறது. அந்த வருடத்தின் 3-வது சட்டமான சென்னை சிவில் கோர்ட்டுகள் சட்டம்தான் ஜில்லா கோர்ட்டு, சப் கோர்ட்டு, ஜில்லா முன்சீப் கோர்ட்டு என்ற படிவரிசையை வகுத்தது. வெள்ளைக்காரன் போனாலும் சட்டம் போகவில்லை. 'சென்னை' என்ற பெயர் மட்டும் 'தமிழ்நாடு' என்று மாறியது. தொகை வரம்புகளை அவ்வப்போது உயர்த்தி வந்திருக்கிறார்கள். அதன் 30-வது பிரிவு, கோர்ட்டுகள் வருடத்தில் மொத்தம் இரண்டு மாதத்துக்கு மேற்படாமல் விடுமுறை விட ஹைகோர்ட்டு அனுமதிக்கலாம் என்கிறது. மே மாதம் சிவில் கோர்ட்டுகள் மூடுவது இந்த அதிகாரத்தின் பேரில்தான்.

அதே சட்டத்தின் 13-வது பிரிவு, அப்பீல் எங்கே போகும் என்பதைச் சொல்கிறது. முன்சீப் கோர்ட்டுத் தீர்ப்பின் மேல் அப்பீல் ஜில்லா கோர்ட்டுக்கு. அன்றைய தென்னாற்காடு ஜில்லாவுக்குத் தலைநகர் கடலூர். திண்டிவனத்து வியாபாரி கடையைப் பூட்டிவிட்டு, விழுப்புரம் வந்து, அங்கிருந்து கடலூர் போக வேண்டும். வாய்தா தள்ளிப்போனால் மறுபடியும் அதே பயணம். இந்தத் தொல்லையைச் சட்டம் எழுதியவர்களே யோசித்திருக்கிறார்கள். ஜில்லா கோர்ட்டிலிருந்து தொலைவான ஊரில் சப் கோர்ட்டு இருந்தால், அந்த எல்லைக்குட்பட்ட முன்சீப் கோர்ட்டுகளின் அப்பீல்களை அங்கேயே போடும்படி ஹைகோர்ட்டு உத்தரவிடலாம் என்று அதே பிரிவில் இடம் வைத்தார்கள். 30.9.1993-ல் விழுப்புரம் தனி மாவட்டமான பிறகு கடலூர் அலைச்சல் ஓய்ந்தது. இன்று விழுப்புரத்தில் மாவட்ட நீதிமன்றமும், திண்டிவனத்தில் சப் கோர்ட்டும் உள்ளன.

தூரம் குறைந்தது, நாள் கணக்கு குறையவில்லை. 1963-ஆம் வருடக் காலவரம்புச் சட்டப்படி, சப் கோர்ட்டிலோ ஜில்லா கோர்ட்டிலோ அப்பீல் போட 30 நாள். ஹைகோர்ட்டுக்கு 90 நாள். 1908-ஆம் வருடச் சட்டத்திலும் இதே கெடுதான். தீர்ப்புச் சொன்ன நாளைக் கழித்துவிட வேண்டும். தீர்ப்பு, டிகிரி இவற்றின் நகல் வாங்க ஆகும் நாளையும் கழிக்கலாம். ஆனால் நகல் மனு போட்டால்தான் அந்தக் கழிவு. "டிகிரி இன்னும் தயாராகவில்லையாம், ஆனதும் மனு போடலாம்" என்று இருந்துவிடுவார்கள். மனு கொடுப்பதற்கு முன் டிகிரி தயாரிக்கக் கோர்ட்டு எடுத்துக்கொண்ட நாள் கழிவில் வராது என்று சட்டத்தின் 12-வது பிரிவின் விளக்கமே கூறுகிறது. அதுபோலவே முத்திரைத்தாள் கேட்டு அறிவிப்பு ஒட்டிய பின் நாம் தாமதித்த நாளும், நகல் தயாரான பின் வாங்காமல் விட்ட நாளும் நம் தலையில்தான் விழும். நகலின் மேல் இந்தத் தேதிகளெல்லாம் வரிசையாகக் குறித்திருக்கும். அப்பீல் எடுக்கும் குமாஸ்தா முதலில் பார்ப்பது அதைத்தான்.

இப்போது மே மாதத்துக்கு வருவோம். ஏப்ரல் 1-ல் தீர்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நகல் கழிவு இல்லாமல் முப்பதாவது நாள் மே 1. மூன்றாம் தேதி நகல் மனு கொடுத்து, பதினைந்தாம் தேதி நகல் தயாரானால் 13 நாள் கழிவு. கெடு மே 14. அன்று கோர்ட்டு விடுமுறை. 4-வது பிரிவின்படி, கோர்ட்டு திறக்கும் அன்றே அப்பீலைப் போட்டுவிட்டால் சரி. மறுநாள் போனால் காலதாமதம்தான். விடுமுறை கெடுவை ஒரு மாதம் நீட்டுவதில்லை. கெடு விடுமுறைக்குள் வந்து முடிந்தால் மட்டும் திறக்கும் நாள் வரை பொறுக்கிறது. மார்ச் 20-ல் தீர்ப்பு, நகலுக்கு மனுவே போடவில்லை என்றால் ஏப்ரல் 19-லேயே கெடு முடிந்தது. மே மாதம் முழுக்க மூடியிருந்தாலும் பிரயோஜனமில்லை.

கெடு தப்பினால் 5-வது பிரிவின்படி தாமதத்தை மன்னிக்க மனுப் போடலாம். தகுந்த காரணம் காட்ட வேண்டும். சரக்கெடுக்க வெளியூர் போயிருந்தேன் என்பதைவிட ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு மதிப்பு அதிகம். இந்தச் சலுகை அப்பீலுக்கும் மற்ற மனுக்களுக்கும்தான். பாக்கிக்கான மூன்று வருடக் கெடு தாண்டிய தாவாவுக்கு இல்லை.

சில்லறை வியாபாரிகள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உங்கள் வழக்கு எண் 'எஸ்.சி.' என்று தொடங்கினால் அது சிறுவழக்கு. அதில் அப்பீலே கிடையாது, ஹைகோர்ட்டில் சீராய்வு மட்டும். 'ஓ.எஸ்.' ஆக இருந்தாலும், சரக்கு விலை பாக்கி போன்ற சிறுவழக்குத் தன்மையுள்ள தாவா 10,000 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் சட்டப் பிரச்சினையில் மட்டுமே அப்பீல். 25,000 ரூபாய் வரையுள்ள பணத் தாவாவில் 2002 முதல் இரண்டாவது அப்பீலும் இல்லை. சிறிய கடைக்காரருக்கு இது நல்லதா கெட்டதா என்றால், ஜெயித்தவருக்கு நல்லது.

ஜெயித்தவருக்கு ஒரு வார்த்தை. எதிரி அப்பீல் போட்டுவிட்டான் என்பதாலேயே டிகிரி நின்றுவிடாது. சிவில் நடைமுறைச் சட்டம் 41-வது கட்டளை 5-வது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. தடை உத்தரவை அவர் கேட்டு வாங்க வேண்டும்; பண டிகிரி என்றால் தொகையைக் கட்டவோ ஜாமீன் கொடுக்கவோ அப்பீல் கோர்ட்டு உத்தரவிடலாம், அதைச் செய்யாதவருக்குத் தடை கிடையாது. பாக்கிதாரர்களில் பலர் அப்பீல் போடுவதே நாள் கடத்தத்தான் என்பது என் அபிப்பிராயம். டிகிரி வாங்கிய பிறகுதான் இந்நாட்டு வழக்காடிக்குத் தொல்லை ஆரம்பமாகிறது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1872-லேயே வருத்தப்பட்டிருக்கிறது. தடை இல்லையென்றால் தாமதிக்காமல் நிறைவேற்று மனுவைப் போட்டு ஜப்திக்கு நடவடிக்கை எடுங்கள். பழைய சட்டத்தில் மூன்று வருடத்துக்கொரு முறை ஏதாவது நடவடிக்கை எடுத்து டிகிரியை உயிரோடு வைத்திருக்க வேண்டும். இப்போது பண டிகிரிக்கு 12 வருடம் உண்டு. ஆனால் அதற்குள் பாக்கிதாரரின் கடையும் சரக்கும் யார் பெயரில் இருக்குமோ.