மட்டாஞ்சேரியில் ஒரு சுவர் பழுதுபட்டால்

கொச்சியின் மட்டாஞ்சேரி யூதத் தெருவில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. வாசற்படி இறங்கினால் தெரு. பல இடங்களில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். ஆகவே இங்கே ஒருவர் தன் வீட்டின் வெளிப்பக்கத்தில் செய்யும் மராமத்து அவரோடு முடிவதில்லை. கூரையைச் சற்று உயர்த்தினால் அடுத்த வீட்டுச் சுவரில் தண்ணீர் இறங்கும். தவறான பூச்சு பூசினால் பொதுச் சுவரின் ஈரம் மறுபக்கத்தில் பொரிந்து வரும்.

தெருவின் கோடியில் 1568-ல் எழுந்த யூத வழிபாட்டிடமான பரதேசி சினகாக்; அதன் மணிக்கூண்டு 1760-ல் சேர்ந்தது. மதிலுக்கு அப்பால் மட்டாஞ்சேரி அரண்மனை. போர்த்துக்கீசியர் 1555 வாக்கில் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்தது. 1663-க்குப் பின் டச்சுக்காரர் புதுப்பித்ததால் டச்சு அரண்மனை என்றே பெயராகிவிட்டது. இது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு மேல் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-ல் வந்த திருத்தம் இதை இறுக்கியது. முதல் 100 மீட்டருக்குள் தனியார் புதிதாகக் கட்ட முடியாது. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீடென்றால் பழுதுபார்க்கலாம். அதற்கும் மனுப் போட்டு, தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் பரிந்துரையைப் பெற வேண்டும். மீறிக் கட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இந்தக் கட்டுப்பாடு வேண்டும். பழம்பொருள் கடைகளும் தங்கும் விடுதிகளும் போட்டியிடும் தெருவில் இது இல்லாவிட்டால் மரச் சன்னல்கள் போய்க் கண்ணாடி முகப்புகள் வர அதிக நாள் ஆகாது. எனக்குள்ள குறை வேறு. பழுதுபார்ப்பு என்றால் இருக்கும் கட்டடத்தில் செய்யும் மாற்றம், புதுக் கட்டுமானமோ மறுகட்டுமானமோ அல்ல என்று சட்டம் வரையறுக்கிறது. சுவரில் எதைப் பூசுகிறார்கள் என்ற கேள்வி அந்த வரையறையில் இல்லை. வீட்டின் ஆயுளோ அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இந்தப் பக்கத்துப் பழைய சுவர்களில் பெரும்பாலும் வெட்டுக்கல்தான். நம் ஊரில் செம்புரைக்கல் என்போம். நுண்துளைகள் நிறைந்த கல். நிலத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காயல் ஓரத்து மண் என்பதால் அந்தத் தண்ணீரில் உப்பும் உண்டு. பழைய கொத்தனார்கள் இதை அறிந்தே சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். வேம்பநாட்டுக் காயலில் வாரிய கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு இந்தக் கரைக்குப் பழகிய பொருள். அதன் வழியே ஈரம் வெளியேறி ஆவியாகும். உப்பு பூச்சில் வந்து படிந்து பூச்சை உதிர்க்கும். சில ஆண்டுக்கு ஒருமுறை உதிர்ந்ததைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசுவார்கள். கல்லுக்கு ஒன்றும் ஆகாது. அதே சுவரில் சிமென்ட் பூசி, மேலே எமல்ஷன் பெயின்ட் அடித்தால் முதல் ஆண்டு பளிச்சென்று இருக்கும். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே மேலேறும். உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை மாவாக்கும். கடைசியில் சுவரில் பதிந்த உத்திரத்தின் முனை உளுத்துப்போகும். நிறமும் உயரமும் பழையபடி இருப்பதால் புகைப்படத்தை வைத்துப் பார்க்கும் அதிகாரிக்கு இந்த மராமத்தில் குறையே தெரியாது. சன்னல் சட்டத்தின் நிறத்தைக் கேட்பதற்கு முன் சாந்தில் என்ன கலக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். கேட்பவர் கொத்தனாரோடு சுவரருகே நிற்க வேண்டும்.

அடுத்தது காலம். மனுவைப் பெற்ற அதிகாரி அதை 15 நாளில் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் 2 மாதத்தில் பரிந்துரை சொல்ல வேண்டும். அதன்பின் அந்த அதிகாரி ஒரு மாதத்துக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டத்தின் கணக்கு. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே மூன்றரை மாதம் ஓடிவிடலாம். கொச்சியின் மழைக்கணக்கு வேறு. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்யும் ஊர் இது. துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வரை, டிசம்பரிலிருந்து மே மாதத்துக்குள்தான் ஓட்டைப் பிரித்துக் கைமரம் மாற்ற முடியும். மார்ச்சில் மனுக் கொடுத்தவருக்கு ஜூனில் அனுமதி வந்தால் அந்த ஆண்டின் மழை முழுவதும் அந்தக் கூரை வழியேதான் இறங்கும். நாலு ஓடு மாற்றினால் தீரும் கசிவு அடுத்த ஆண்டு உத்திரத்தையே மாற்றும் வேலையாகிவிடும்.

மழை என்ன செய்யும் என்பதை மட்டாஞ்சேரி 2019 செப்டம்பரில் பார்த்தது. வழிபாடு நின்றபின் கிடங்காகப் பயன்பட்ட கடவும்பாகம் சினகாக்கின் முன்பகுதி கனமழையில் இடிந்தது. மனுத் தாமதத்தால் அல்ல, நெடுங்காலக் கவனிப்பின்மையால். ஆனாலும் பழுதை ஒத்திப்போட்டால் முடிவு ஒன்றே. புதுச்சேரியிலும் 2014 நவம்பர் மழையில் பழைய நகர்மன்றமான மேரி கட்டடம் சரிந்து விழுந்தது. பழைய வடிவிலேயே திரும்பக் கட்டித் திறக்க 2021 ஆயிற்று.

அதே புதுச்சேரியில் நல்ல முன்னுதாரணமும் இருக்கிறது. வைசியாள் வீதியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2000-களின் தொடக்கத்தில் நடந்த திட்டத்தில், மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் தமிழ் வீடுகளின் தெருமுகப்புகளைச் சீரமைத்தது. உரிமையாளர்களுக்குச் செலவில் ஒரு பங்கு மானியமாகக் கிடைத்தது. தாழ்வாரமும் திண்ணையும் ஓட்டுக் கூரையும் தெருவுக்குத் திரும்பின. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் வந்தது. வீட்டுக்காரர் அங்கே பங்காளி. மட்டாஞ்சேரியில் அவர் இன்னும் மனுதாரர் மட்டுமே.

சிமென்ட் மூட்டை எந்தக் கடையிலும் கிடைக்கும். சுண்ணாம்பு நீற்ற நாள் வேண்டும், பூசத் தெரிந்த கை வேண்டும், கூலியும் கூடுதல். அந்தக் கூடுதலை ஊரின் பெருமைக்காக வீட்டுக்காரர் தனியே சுமக்கச் சொல்வது நியாயமில்லை. ஓடு மாற்றுவது, பூச்சு புதுப்பிப்பது, உளுத்த சட்டத்தை அதே மரத்தில் மாற்றுவது ஆகிய வேலைகளுக்கு ஒரே பட்டியல், கொச்சியிலேயே ஒப்புதல், நவம்பரில் கொடுத்த மனுவுக்கு ஜனவரிக்குள் விடை, சுண்ணாம்பு வேலைக்கு மானியம். மட்டாஞ்சேரி வீட்டுக்காரர்கள் அடுத்த இடவப்பாதிக்கு முன் அரசிடம் கேட்டுப் பெற வேண்டியவை இவை.