நரம்புச் சிலந்தியும் ஆப்பிரிக்கக் குடியானவரின் குதிரும்

ஆப்பிரிக்காக் கண்டத்தில் சஹாரா பாலைவனத்தை அடுத்துள்ள மாலி தேசத்தில் தோகோன் என்னும் குடியானவர்கள் வசிக்கின்றனர். கம்பும் சோளமும் அவர்களுடைய முக்கியப் பயிர்கள். ஒரு வியாதிக்கு அவர்கள் ‘வெறுங்குதிர் நோய்’ என்னும் பொருள்படப் பெயரிட்டுள்ளனர். தமிழ் நாட்டில் முற்காலத்தில் நரம்புச் சிலந்தி என்று வழங்கிய வியாதியே அது. பெயரில் நரம்பு இருப்பினும் அது நரம்பன்று. ஒரு கஜ நீளம் வரையில் வளரும் புழுவேயாம். அதனால் உயிருக்கு அபாயம் நேருவது அரிது. அங்ஙனமிருக்க, குதிர் காலியாவது எங்ஙனம் என்பது விவசாயிகள் அறியத் தக்கது.

தேங்கிய குட்டைகளின் ஜலத்தில் சைக்ளாப்ஸ் என்னும் மிகச் சிறிய பூச்சிகள் நீந்துகின்றன. கூர்ந்து நோக்கினால் வெண்புள்ளிபோல் தோன்றும். நரம்புச் சிலந்தியின் குஞ்சுப் புழுக்களை இவை தின்றுவிட, அக்குஞ்சுகள் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மனிதரைப் பற்றும் பருவத்தை அடைகின்றன. அந்த ஜலத்தை வடிகட்டாமல் பருகுகிறவரின் இரைப்பையில் பூச்சி மடிகிறது; புழுவோ மடிவதில்லை. குடலைத் துளைத்து வெளியேறி, ஆணும் பெண்ணும் கூடியபின் ஆண் புழு இறந்துவிட, பெண் புழு தோலின் கீழ் மெல்ல வளர்ந்து இறங்குகிறது. இதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் செல்லும். அதுவரை நோயாளிக்கு யாதொன்றும் தெரியாது. பிறகு, பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, ஒரு கொப்புளம் எழும்பி நெருப்பிட்டாற்போல் எரிகிறது. எரிச்சல் தாளாமல் அவர் காலைக் குட்டையில் வைக்கிறார். கொப்புளம் உடைந்து, புழுவானது லட்சக்கணக்கான குஞ்சுகளை ஜலத்தில் உமிழ்கிறது. ஊரார் பருகுவதும் அந்த ஜலத்தையே.

ஒரு வருஷம் என்னும் இக்கணக்கிலேதான் பயிருக்கு நேரும் கேடு அடங்கியிருக்கிறது. மாலி போன்ற வறண்ட பிரதேசங்களில் மழைக்காலத்தில் மட்டுமே குட்டைகள் நிரம்பும். ஆகவே சென்ற மழைக்கு ஜலம் பருகியவருக்கு இந்த மழைக்குப் புழு வெளிப்படும். விதைப்பும் களையெடுப்பும் நடக்கவேண்டிய காலம் அதுவே. மழை மிகுந்த தென்பகுதிகளில், கானா, நைஜீரியா முதலிய தேசங்களில், நிலைமை மாறானது. அங்கே கோடையில் குட்டைகள் சுருங்கிப் பூச்சிகள் நெருங்கிச் சேருவதால், அக்காலத்திலேயே நோய் மிகும். நெல்லும் பெருவள்ளிக் கிழங்கும் வீடு வந்து சேரும் சமயத்தில் குடியானவர் நடக்கமாட்டாமல் கிடப்பர்.

புழுவைப் பிடித்து இழுத்தால் அறுந்துபோகும். அறுந்தால் கால் வீங்கிச் சீழ் கொள்ளும். ஒரு குச்சியில் சுற்றி, தினந்தோறும் சில விரற்கடை மட்டுமே வெளியே எடுத்தல் வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் செல்லும். கூலியாள் வைத்துக்கொள்ளலாமே எனின், ஊர் முழுவதும் ஒரே குட்டையின் ஜலத்தைப் பருகியிருப்பதால் அண்டை வீட்டாரும் அதே வாரத்தில் படுத்திருப்பர். பெற்றோருக்குப் பதிலாகப் பிள்ளைகள் பள்ளியை விட்டு வயலுக்குப் போவர். ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வராது என்பதும் இல்லை. நைஜீரியாவின் தென்கிழக்கில் 16 லட்சம் ஜனங்கள் வசித்த ஒரு பகுதியில் 1987-ஆம் வருஷத்தில் நடந்த ஆராய்ச்சியின்படி, நெல் பயிரிடுவோர் இந்நோயால் வருஷந்தோறும் 2 கோடி டாலர் லாபத்தை இழந்தனராம்.

இதற்கு மருந்தும் இல்லை. அம்மைக்குப் போன்ற தடுப்பூசியும் இல்லை. ஆயினும் 1986-ஆம் வருஷத்தில் உலகில் 35 லட்சம் பேருக்கு உண்டாயிருந்ததாக மதிக்கப்பட்ட நோய், 2024-ஆம் வருஷத்தில் சாட், தென் சூடான் என்னும் இரண்டு தேசங்களிலாகப் 15 பேருக்கே கண்டது. இதைச் செய்தது துணியே எனினும் மிகையாகாது. நெருக்கமாக நெய்த துணியில் ஜலத்தை வடிகட்டினால் பூச்சி தங்கிவிடுகிறது. வயலுக்கும் மேய்ச்சலுக்கும் போவோருக்கு, முனையில் வலைத்துணி பொருத்திய சிறு உறிஞ்சு குழாய்கள் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளும்படி கொடுக்கப்பட்டன. குட்டைகளில் டெமிபாஸ் என்னும் பூச்சி மருந்து அளவாக இடப்பட்டது. ஆழ்குழாய்க் கிணறுகளும் தோண்டப்பட்டன. எல்லாவற்றிலும் கடினமானது, எரியும் காலுடன் இருப்பவரைக் குட்டையில் இறங்காதபடி தடுத்தலே. இவ்வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்த் தொண்டர்கள். சூடானில் உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த 1995-ஆம் வருஷத்தில், அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரின் முயற்சியால், இவ்வேலைக்காகவே ஏறக்குறைய ஆறு மாதம் போர் நிறுத்தப்பட்டது.

இந்தியாவில் இந்நோய் கடைசியாக 1996-ஆம் வருஷத்தில் ராஜஸ்தானத்தில் காணப்பட்டது. நைஜீரியா 2013-லும் கானா 2015-லும் நோய் நீங்கிய தேசங்களென உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தாட்சி பெற்றன.

மிச்சமுள்ள சங்கடம் நாய்களைப் பற்றியது. சாட் தேசத்தில் 2012-ஆம் வருஷம் முதல் நாய்களின் கால்களிலும் இதே புழு வெளிப்பட்டு வருகிறது. ஆற்றங்கரைகளில் மீன் சுத்தம் செய்வோர் எறியும் பச்சைக் குடலைத் தின்பதே இதற்குக் காரணமாயிருக்கலாமென்று கருதப்படுகிறது. மனிதருக்குச் சொல்லலாம், நாய்க்குச் சொல்லுவது எங்ஙனம்? ஆகவே மீன் குடலைப் புதைத்துவிடும்படியும், மீனை நன்றாக வேகவைத்து உண்ணும்படியும் அத்தேசத்துக் குடிகளுக்குப் போதிக்கப்படுகிறது. புழு கண்ட நாயைக் குறித்துத் தெரிவித்து, அது குட்டையில் இறங்காதபடி புழு முழுவதும் வெளிவரும் வரையில் கட்டிவைத்துத் தீனியிடுவோருக்கு வெகுமதிப் பணமும் கொடுக்கப்படுகிறது.