இரட்டைக் கழுகும் சர்க்காரின் நாணயமும்

பொன்னின் விலை அதன் எடையைப் பொறுத்தது என்பதும், காசின் விலை அதன்மேல் பொறித்த முத்திரையைப் பொறுத்தது என்பதும் உலகம் ஒப்பிய விதிகள். இவ்விரண்டு விதிகளுக்கும் அடங்காத காசு ஒன்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1933 என்று வருஷம் பொறித்து அடிக்கப்பட்ட 20 டாலர் பொற்காசே அது. பத்து டாலர் பொற்காசுக்கு அந்நாட்டில் 'கழுகு' என்று பெயராதலின், இதனை 'இரட்டைக் கழுகு' என்பர். இதன் எடை 33.4 கிராம், பத்தில் ஒன்பது பங்கு தங்கம், எஞ்சியது செம்பு. நம்மவர் கணக்கில் நாலு பவுனுக்கும் சற்றுக் குறைவான தங்கமே இதில் உளது. ஆயினும், 2021-ம் வருஷம் ஜூன் மாதம் நியூயார்க் நகரில் இக்காசு ஒன்று ஏலம் விடப்பட்டபோது, 1 கோடியே 88 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. இதே உருவமும் இதே எடையும் கொண்ட 1924-ம் வருஷக் காசையோ, தங்கத்தின் விலைக்குச் சற்று அதிகம் கொடுத்து எவரும் வாங்கிவிடலாம். வருஷ எண்ணில் உள்ள இரண்டு இலக்கங்கள் இத்துணைப் பெரிய வேற்றுமையை உண்டாக்கியது எங்ஙனம்?

அழகுதான் காரணம் என்று சொல்வதற்கில்லை. இக்காசு அழகியது என்பதில் ஐயமில்லை. அமெரிக்கக் காசுகள் கலைநயமற்றவை என்று வருந்திய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடென்ஸிடம் இவ்வேலையை ஒப்புவித்தார். ஒரு கையில் தீவர்த்தியும் மறு கையில் ஆலிவ் கிளையும் ஏந்தி முன்னோக்கி நடந்து வரும் சுதந்திர தேவி ஒரு பக்கம். உதய சூரியனுக்கு மேலே பறக்கும் கழுகு மறுபக்கம். காசு 1907-ம் வருஷம் வெளிவந்தது. சிற்பி அவ்வருஷமே ஆகஸ்டு மாதத்தில் காலமானார். ஆனால், இந்த அழகு எல்லா வருஷத்துக் காசுகளுக்கும் பொதுவானது. 1933-ம் வருஷக் காசின் தனிச் சிறப்பை அந்நாட்டுச் சட்டப் புத்தகத்திலேதான் தேட வேண்டும்.

1933-ம் வருஷம் மார்ச்சு 4-ந் தேதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஜனாதிபதிப் பதவி ஏற்றபோது, அந்நாட்டுப் பாங்கிகள் வரிசையாக முறிந்துகொண்டிருந்தன. பீதியுற்ற ஜனங்கள் காகித நோட்டுகளைக் கொடுத்துத் தங்கத்தை வாங்கிப் பதுக்கினர். வெளியிடும் நோட்டுகளுக்கு நூற்றுக்கு நாற்பது வீதம் தங்கம் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது அந்நாளைய சட்டம். ஆகவே ஏப்ரல் 5-ந் தேதி ஜனாதிபதி ஓர் உத்தரவு பிறப்பித்தார். மே மாதம் 1-ந் தேதிக்குள் பிரஜைகள் தங்கள் பொற்காசுகளையும் தங்கக் கட்டிகளையும் ஒப்படைத்துவிட வேண்டும். மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், அல்லது பத்து வருஷம் வரை சிறை. தலைக்கு 100 டாலர் பெறுமான தங்கத்துக்கும், நாணயம் சேகரிப்போர் தனி மதிப்பளிக்கும் அரிய காசுகளுக்கும் மாத்திரம் விலக்கு அளிக்கப்பட்டது. அவுன்ஸ் 20 டாலர் 67 சென்டு வீதம் சர்க்கார் தங்கத்தைப் பெற்றுக்கொண்டனர். 1934-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் அதே தங்கத்தின் விலையை 35 டாலர் என்று உயர்த்தினர். ஒப்படைத்தவனுக்கு நஷ்டம்; வாங்கிக்கொண்டவர்க்கு லாபம்.

இதனிடையே பிலடெல்பியா தங்கசாலை, மார்ச்சு மாதத்திலிருந்தே 1933-ம் வருஷக் காசுகளை அடித்து வந்தது. மொத்தம் 4,45,500 காசுகள். இவற்றைப் பொதுஜனங்களுக்கு வழங்க உத்தரவு பிறக்கவேயில்லை. இரண்டு காசுகள் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலைக்கு அனுப்பப்பட்டன. ஏனையவை 1937-ம் வருஷத்துக்குள் உருக்கப்பட்டன. அடித்த சர்க்காரே அழித்த காசு என்பதுதான் இதன் அருமைக்கு முதற் காரணம்.

ஆனால் எல்லாம் உருகிவிடவில்லை. சில காசுகள் தங்கசாலையிலிருந்து மறைந்து, பிலடெல்பியா நகைக்கடைக்காரரான இஸ்ரேல் ஸ்விட் என்பவர் மூலம் சந்தைக்கு வந்தன. 1944-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஒரு பத்திரிகை எழுத்தாளர், ஏலத்துக்கு வரவிருந்த இத்தகைய காசைப் பற்றித் தங்கசாலையைக் கேட்க, ரகசியப் போலீஸார் விசாரணை தொடங்கினர். சேகரிப்போரிடமிருந்து காசுகள் மீட்கப்பட்டு உருக்கப்பட்டன. கெடு கடந்துபோனமையால் ஸ்விட் மீது வழக்குத் தொடரப்படவில்லை.

ஒரு காசு மாத்திரம் தப்பியது. விசாரணை தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்னர், எகிப்து மன்னர் பரூக்கின் பிரதிநிதிகள் இக்காசை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல அனுமதி கேட்க, கஜானா இலாகா லைசென்ஸ் வழங்கிவிட்டது! மன்னர் 1952-ம் வருஷம் அரசிழந்தார். 1954-ம் வருஷம் அவரது பொக்கிஷங்கள் கெய்ரோவில் ஏலத்துக்கு வந்தபோது, அமெரிக்க சர்க்காரின் வேண்டுகோளின்பேரில் இக்காசு ஏலத்தினின்று நீக்கப்பட்டது; பிறகு மறைந்தது. 1996-ம் வருஷம், நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில் அதனை விற்க வந்த லண்டன் வியாபாரியை ரகசியப் போலீஸார் கைது செய்தனர். காசு மன்னருடையதே என்றும், லைசென்ஸ் பெற்றது என்றும் அவர் தரப்பு வாதித்தது. முடிவில் 2001-ம் வருஷம் ராஜியாயிற்று: காசை ஏலம் விட்டு, கிடைப்பதில் பாதி சர்க்காருக்கு, பாதி வியாபாரிக்கு. 2002-ம் வருஷம் ஜூலை 30-ந் தேதி அது 75 லட்சத்து 90 ஆயிரம் டாலருக்கு விற்றது. அதற்கு மேலும் 20 டாலர் வாங்கப்பட்டது. ஏன் தெரியுமா? என்றுமே வழங்கப்படாத காசை அன்றுதான் சட்டப்படி வழங்கியதாக ஆக்க வேண்டியிருந்தது. அதற்கு உரிய முகமதிப்பே அந்த 20 டாலர்!

சேகரிப்போரின் ஆசை இக்காசின்மேல் குவிவதன் ரகசியம் இதுவே. தனியார் கையில் வைத்துக்கொள்ள அமெரிக்க சர்க்கார் ஒப்பிய 1933-ம் வருஷ இரட்டைக் கழுகு இஃதொன்றே. அவர்கள் விலை கொடுப்பது தங்கத்துக்கன்று, சிற்பத்துக்குமன்று, ஓர் அனுமதிக்கு.

இதன் பின் நடந்ததுதான் நமது சிந்தனைக்கு உரியது. ஸ்விட்டின் மகள் 2003-ம் வருஷம் குடும்பத்தின் பாங்கிப் பெட்டகத்தில் இத்தகைய காசுகள் பத்தினைக் கண்டெடுத்தார். அவற்றை ஒளிக்காமல், மெய்தானா என்று சோதிப்பதற்காக அவர் தங்கசாலைக்கே அனுப்பினார். தங்கசாலை மெய்யென்று உறுதி செய்தது. திருப்பித் தர மறுத்தது. 2011-ம் வருஷம் ஜூரிகள் சர்க்காருக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தனர். 2015-ம் வருஷம் அப்பீல் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, பறிமுதல் சட்டத்தின் கெடுவைச் சர்க்கார் அனுசரிக்கவில்லை என்று பெரும்பான்மையாகக் குடும்பத்தாருக்குச் சாதகமாகக் கூறிற்று. 2016-ம் வருஷம் அதே கோர்ட்டின் முழு பெஞ்சு அதனை மாற்றிற்று. 2017-ம் வருஷம் சுப்ரீம் கோர்ட் தலையிட மறுத்தது.

களவாடிய பொருளின்மேல் எத்தனை கை மாறினாலும் உரிமை பிறவாது என்பது பழைய நியாயம். அதனை நாம் மறுக்கவில்லை. காசுகள் நேர்மையாகவே வெளியேறின என்று ஜூரிகளுக்கு நம்பிக்கையூட்டக் குடும்பத்தாரால் இயலவில்லை. ஆயினும் அந்த நியாயம் அரண்மனை வாயிலில் ஏன் நின்றுவிட்டது? மன்னரின் காசும் அதே தங்கசாலையிலிருந்து அதே விதமாக வெளியேறியதே. அதிகாரி ஒருவர் கவனக்குறைவாக இட்ட கையெழுத்து, களவுப் பொருளைத் தூய பொருளாக்கிவிடுமா? ஆக்கும் எனில், தானாக முன்வந்து காசுகளைக் காட்டிய குடிமகளுக்கு அந்த தயை ஏன் மறுக்கப்பட்டது? ஒன்றில் ராஜி செய்து லாபத்தில் பாதி பெற்றுக்கொண்ட சர்க்கார், பத்தில் மாத்திரம் சட்டத்தின் முழு எழுத்தையும் பிடித்து நின்றது. குடிமகள் கண்ட பலன், உண்மை சொன்னால் உள்ளதும் போகும் என்பதே. இனி பெட்டகத்தில் எதைக் கண்டாலும் எவர் சர்க்காரிடம் எடுத்துச் செல்வர்?

தமிழில் 'நாணயம்' என்னும் ஒரே சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். காசின் மதிப்பு அதனை வெளியிடுவோரின் வாக்கிலே நிற்கிறது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் போலும். சட்டம் கடுமையாக இருக்கலாம்; நெருக்கடிக் காலத்தில் ஜனங்கள் அதனையும் பொறுப்பர். ஆனால் மன்னனுக்கு ஒரு தராசும் நகைக்கடைக்காரன் மகளுக்கு ஒரு தராசும் வைப்பதைப் பொறார். அப்பத்துக் காசுகளும் இன்று அமெரிக்க ஜனங்களின் சொத்து என்பது கோர்ட்டின் முடிவு. அங்ஙனமாயின் அவற்றை உருக்கவும் கூடாது, இருட்டறையில் பூட்டவும் கூடாது. ஜனங்கள் சென்று காணும் காட்சிசாலைகளில் வைத்தல் வேண்டும். அழகிய சிற்பத்தோடு, ஒரு சர்க்காரின் கண்டிப்பும் தளர்ச்சியும் எங்கெங்கே வெளிப்பட்டன என்பதையும் அவர்கள் அங்கே படித்துக்கொள்வார்கள்.