கரண்ட் பில், ஃபர்னஸ், கொஞ்சம் தூக்கம்

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷன்ல ஏறி, பேசின் பிரிட்ஜ்ல மாறி, கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடிச்சு, சிப்காட்ல ஒரு உருக்காலைக்கு புராஜெக்டுக்காகப் போயிட்டிருந்தேன். வேலை சிம்பிள்னுதான் நினைச்சேன்: ரெண்டு இண்டக்‌ஷன் ஃபர்னஸ், கரண்ட் பில்லைக் குறைக்கணும்.

ஒரு டன் ஸ்கிராப்பை உருக்க சுமார் 600 யூனிட் ஆகும். தமிழ்நாட்டுல உயர் அழுத்த இணைப்பு வச்சிருக்கற ஆலைகளுக்குக் காலை, மாலை பீக் நேரத்துல யூனிட் கட்டணம் 25% கூடுதல். இரவு 10 மணியிலிருந்து காலை 5 வரை 5% தள்ளுபடி. அப்போ எல்லா ஹீட்டையும் ராத்திரிக்குத் தள்ளிட்டா முடிஞ்சுதா?

முடியல. ரெண்டு ஃபர்னஸும் ஒரே நேரத்துல முழு பவர்ல ஓடினா, டிமாண்ட் எகிறிடும். அனுமதிச்ச டிமாண்டைத் தாண்டினா, தாண்டின அளவுக்கு இரட்டிப்புக் கட்டணம். 2022 செப்டம்பர் கட்டண ஆணையில ஒரு கேவிஏ-வுக்கு மாதம் 550 ரூபாய். அந்தக் கணக்குல 100 கேவிஏ தாண்டினா 1,10,000 ரூபாய். ஒரே ஒரு ராத்திரி தாண்டினாலும் அந்த மாசத்துக்கு அதுதான்.

கவனிங்க, இது தாண்டவே முடியாத சுவர் இல்ல. விலை கொடுத்தா தாண்டலாம். இதைத்தான் சாஃப்ட் கன்ஸ்ட்ரெயின்ட்னு சொல்றோம். மாடல்ல ஒரு ஸ்லாக் வேரியபிள் சேர்த்து, அதுக்கு அபராதம் போட்டா போதும். ஆனா ஃபர்னஸ் காயிலுக்குப் போற கூலிங் வாட்டர் அப்படி இல்ல. அது நின்னா ஃபர்னஸும் நிக்கணும், பேரமே கிடையாது. அது ஹார்ட். எல்லாத்தையும் ஹார்ட் ஆக்கினா சால்வர் 'விடையே இல்ல'ன்னு கையை விரிச்சிடும். எல்லாத்தையும் சாஃப்ட் ஆக்கினா விபத்துக்கும் ஒரு விலை போட்டுடும்.

என் மாடல் சூப்பரா ஒரு அட்டவணை கொடுத்துச்சு. பெருமையா ஃபோர்மேன் அண்ணன்கிட்ட காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டுக் கேட்டார்: "தம்பி, இருபத்தாறு நாளும் நைட்டா? எங்க தூக்கத்துக்கு எவ்ளோ ரூபா போட்ருக்க?"

பூஜ்யம்தான் போட்டிருந்தேன். போட்டது கூட இல்ல, மறந்துட்டேன். மாடல்ல எழுதாத எதுவும் சால்வருக்கு இலவசம்!

அப்புறம் தூக்கத்துக்கு ரூபாய் போடாம, 'ஒரு ஆளுக்கு வாரத்துக்கு இத்தனை நைட்தான்'னு ஒரு வரம்பு வச்சேன். அந்த எண்ணை ஒண்ணு ஒண்ணா மாத்தி, ஒவ்வொரு தடவையும் பில் எவ்வளவு வருதுன்னு பார்த்தேன். அந்தப் புள்ளிகளைச் சேர்த்தா வர்ற கோடுதான் பரேட்டோ ஃப்ரண்ட். வில்ஃப்ரெடோ பரேட்டோங்கற இத்தாலியப் பொருளாதார அறிஞர் பேர்ல வந்தது. அந்தக் கோட்டுல எங்க நின்னாலும், ஒண்ணை விட்டுக்கொடுக்காம இன்னொண்ணை மேம்படுத்த முடியாது.

எந்தப் புள்ளியில நிக்கணும்னு சால்வர் சொல்லாது. அதை ஆட்கள்தான் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணணும். அதனால ரிப்போர்ட்ல ஒரே விடையா கொடுக்காம, அந்த முழுக் கோட்டையும் போட்டுக் கொடுத்தேன். நீங்களும் அடுத்த தடவை வெயிட் 0.7, 0.3ன்னு போடும்போது, அந்த 0.3 யாருடையதுன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.