முளையிலேயே முடிவு கட்டலாமா?
ஹாக்கி டீம் செலக்ஷன் – ஒரு பார்வை

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது பழமொழி. பள்ளிக்கூடத்தில் இதை விரிவாக்கி எழுதி மார்க் வாங்காதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். ஆனால் நாற்றங்காலில் கை வைத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு மூலையில் முதல் தேதி விதைக்கிறோம். மறு மூலையில் பத்து நாள் கழித்து விதைக்கிறோம். இருபதாம் தேதி போய்ப் பார்த்தால் எந்த நாற்று உயரமாக நிற்கும்? முதலில் விதைத்ததுதான். அதற்காகப் பின்னால் விதைத்ததைச் ‘சோப்ளாங்கி’ என்று பிடுங்கி வரப்பில் வீசுவார்களா? எங்க அப்பா வீச மாட்டார். அவர் பள்ளிக்கூடம் போகாதவர்தான், ஆனால் விதைத்த தேதி அவருக்கு ஞாபகம் இருக்கும்.

பிள்ளைகள் விஷயத்தில்தான் விதைத்த தேதியை மறந்துவிடுகிறோம். இளம் ஹாக்கி வீரர்களை டிரையல்ஸ் வைத்து டீமில் சேர்க்கும் முறையை எடுத்துக்கொண்டு இதை விளக்கப் பார்க்கிறேன்.

ஏன் ஹாக்கி?

ஹாக்கி நமக்குத் தூரத்து விளையாட்டு இல்லை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியா தங்கம் வாங்கியபோது கேப்டன் நம்ம வாசுதேவன் பாஸ்கரன். கோவில்பட்டியில் தெருவுக்குத் தெரு ஸ்டிக் பிடித்தவர்கள் உண்டு. அந்த ஊர் மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூர் கார்த்தி செல்வமும் 2022-ல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடி வெண்கலத்தோடு வந்தார்கள். 2025-ல் ஜூனியர் உலகக் கோப்பையே சென்னையிலும் மதுரையிலும் நடந்தது.

ஏழை வீட்டுப் பையனுக்கு டீமில் ஒரு இடம் என்றால் வெறும் ஜெர்சி இல்லை. ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல், சாப்பாடு, படிப்பு, காலேஜில் விளையாட்டு ஒதுக்கீடு, அதற்கப்புறம் ரயில்வே, போலீஸ் என்று வேலை. இவ்வளவும் ஒரு லிஸ்டில் பெயர் வருவதில் ஆரம்பிக்கிறது. எனவே அந்த லிஸ்ட் எப்படித் தயாராகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

டிரையல்ஸில் நடப்பது என்ன?

எண்பது பையன்கள் வருகிறார்கள், எடுக்க வேண்டியது பதினெட்டுப் பேர் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது ஒரு காலைப் பொழுது. முதலில் ஓட விடுவார்கள். பிறகு டிரிபிளிங், ஸ்டாப்பிங், ஹிட்டிங். கடைசியில் பதினொரு பேர் பதினொரு பேராகப் பிரித்து ஒரு மேட்ச். முன்னால் ஓடுகிறவன், பலமாக அடிக்கிறவன், மோதினாலும் விழாதவன் கண்ணில் படுவான். பி.டி. சாரைக் குறை சொல்லிப் பயனில்லை. நேரம் கம்மி, அடுத்த மாதம் மேட்ச், ஜெயிக்கவில்லை என்றால் கேள்வி அவருக்குத்தான். நாளைக்கு ஜெயிக்கக்கூடியவனை எடுத்துவிடுகிறார். ஐந்து வருஷம் கழித்து ஜெயிக்கப் போகிறவன் யார் என்று கேட்கும் வசதி அவருக்கு இல்லை.

இப்போது வயதுக்கு வருவோம். பள்ளி விளையாட்டில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள். ஹாக்கி இந்தியா நடத்தும் போட்டிகளில் சப் ஜூனியர், ஜூனியர். எல்லாவற்றுக்கும் ஒரு கட் ஆஃப் தேதி உண்டு. அது ஜனவரி 1 என்றால், ஜனவரி 2-ல் பிறந்தவனும் அதே வருஷம் டிசம்பர் 28-ல் பிறந்தவனும் ஒரே பிரிவு. இடையில் கிட்டத்தட்டப் பன்னிரண்டு மாசம். நமக்குப் பதினெட்டு வயதில் இது பெரிசாகத் தெரியாது. பத்து வயதுப் பையனுக்கோ ஒரு வருஷம் என்பது அவன் ஆயுளில் பத்தில் ஒரு பங்கு!

கனடாவில் கண்டுபிடித்த கணக்கு

இந்த விஷயத்தை முதலில் எண்ணிக் காட்டியவர்கள் கனடாக்காரர்கள். அங்கே ஹாக்கி என்றால் பனித்தரையில் ஆடும் ஐஸ் ஹாக்கி. ஆட்டம் வேறு, ஆனால் டிரையல்ஸ் பிரச்சினை ஒன்றுதான். 1980-களில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியல் பேராசிரியர் மனைவி பாவுலாவுடன் ஒரு ஜூனியர் மேட்ச் பார்க்கப் போனார். கையில் கொடுத்த நிகழ்ச்சி நிரலில் வீரர்களின் பிறந்த தேதிகள் இருந்தன. அதைப் புரட்டிய பாவுலா, ‘இதென்ன, நிறையப் பேர் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சிலேயே பிறந்திருக்கிறார்களே’ என்று கவனித்தார். பார்ன்ஸ்லி வீட்டுக்குப் போய் மற்ற டீம்களையும் எண்ணிப் பார்த்தார். எங்கும் அதே கதை. 1985-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். சிறந்த டீம்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள், கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் 10 சதவீதம்தான் என்பது அவர்கள் கணக்கு.

மார்கழியில் பிறந்தவனுக்கு ஹாக்கி வராது என்று எந்த ஜாதகத்திலும் இல்லை. கனடாவில் கட் ஆஃப் தேதி ஜனவரி 1. அவ்வளவுதான் காரணம். கட் ஆஃப் தேதியை மாற்றினால் அதிர்ஷ்ட மாதமும் மாறிவிடும்.

சின்ன வித்தியாசம் பெரிசாவது எப்படி?

ஒன்பது வயதில் சில மாதம் மூத்தவன் கொஞ்சம் உயரமாக இருக்கிறான். ‘ஏ’ டீமில் போடுகிறார்கள். அவனுக்கு நல்ல கோச், நல்ல கிரவுண்ட், நிறைய மேட்ச். இளையவன் ‘பி’ டீமுக்கோ வீட்டுக்கோ போகிறான். மூன்று வருஷம் கழித்து இரண்டு பேரையும் நிறுத்திப் பார்த்தால் மூத்தவன் உண்மையிலேயே நன்றாக ஆடுவான். ‘பார்த்தீங்களா, அன்னைக்கே சொன்னேன்’ என்பார் செலக்டர். அவர் சொன்னது பலித்தது உண்மைதான். ஆனால் பலிக்க வைத்தது அவர் போட்ட லிஸ்ட்!

இதோடு உடல் வளர்ச்சியும் சேர்கிறது. ஆண் பிள்ளைகள் வேகமாக உயரும் காலம் சராசரியாகப் பதினான்கு வயதை ஒட்டி வரும். சிலருக்குப் பன்னிரண்டிலேயே வரும், சிலருக்குப் பதினாறு ஆகும். பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் முன்னாடியே வந்துவிடும். ஆக, பதிமூன்று வயது டிரையல்ஸில் ஒருவன் மீசையோடு நிற்பான், பக்கத்தில் ஒருவன் குழந்தை முகத்தோடு நிற்பான்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. லேத்தில் கடைந்த ஜாபைச் சூடாக எடுத்து உடனே மைக்ரோமீட்டரில் வைத்தால் சைஸ் கூடுதலாகக் காட்டும். ஆறின பிறகுதான் உண்மை அளவு. மெட்ராலஜியில் 20 டிகிரி சென்டிகிரேடு என்று ஒரு நிலையான வெப்பநிலை வைத்திருப்பதே இதற்காகத்தான். வளர்கிற பிள்ளை சூடான ஜாப் மாதிரி. அளக்கலாம், தப்பில்லை. ஆனால் அதையே கடைசி அளவு என்று டிராயிங்கில் எழுதிவிடக் கூடாது.

தரையும் ஏமாற்றும்

1975-ல் கோலாலம்பூரில் இந்தியா ஹாக்கி உலகக் கோப்பையை வென்றது. அடுத்த வருஷம் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் ஏழாவது இடம். ஒரே வருஷத்தில் நம்ம ஆட்கள் ஆட்டத்தை மறந்துவிட்டார்களா? மாண்ட்ரீலில்தான் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரையில் நடந்தது. புல் தரைப் பழக்கம் அங்கே கை கொடுக்கவில்லை.

உலக சாம்பியன்களுக்கே இந்த நிலை என்றால், கரிசல் மண்ணில் ஆடிய பையனை முதல் நாளே டர்ஃபில் இறக்கினால் என்ன ஆவான்? பந்து அவன் நினைத்ததைவிட வேகமாக வரும், ஸ்டாப் தவறும். அவனுக்கு நாலு நாள் டர்ஃபில் பழக்கம் கொடுத்துவிட்டு அல்லவா மார்க் போட வேண்டும்?

எங்க சித்தி மகன் ஒருவன், டிசம்பரில் பிறந்தவன். பதிமூன்று வயதில் ஒரு டிரையல்ஸுக்குப் போனான். ‘உயரம் பத்தாதுப்பா’ என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள். ‘அடுத்த வருஷம் வா’ என்றுகூடச் சொல்லவில்லை. வந்ததும் ஸ்டிக்கை எரவாணத்தில் செருகி வைத்துவிட்டான். இப்போது என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான். ஆனால் ஸ்டிக்கைத் தொடுவதில்லை. அவன் பெரிய வீரனாக வந்திருப்பான் என்று நான் சாதிக்கவில்லை. வந்திருப்பானா என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை, அதுதான் நஷ்டம்.

தாக்குப்பிடித்தவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதற்கும் கணக்கு உண்டு. அமெரிக்க, கனடிய என்.எச்.எல். லீக் டிராஃப்டில் எடுக்கப்பட்ட கனடா வீரர்களை ஆராய்ந்து 2013-ல் ஒரு கட்டுரை வந்தது. வருஷத்தின் பின்பாதியில் பிறந்தவர்கள் தங்கள் திறமைக்கு உரிய இடத்தைவிடப் பிந்தித்தான் எடுக்கப்பட்டார்கள், ஆனால் பிற்பாடு எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினார்கள் என்று அதில் தெரிந்தது. பெரியவர்களோடு மோதி மோதியே கற்றவர்கள் அல்லவா!

என்ன செய்யலாம்?

செலக்ஷனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கிரவுண்ட் ஒன்று, கோச் ஒருவர், பிள்ளைகள் நூறு என்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும். பிரிக்கும் முறையில் கவனம் வேண்டும்.

1. வயது வரிசையில் நம்பர் கொடுக்க வேண்டும். மூத்தவனுக்கு 1, அடுத்தவனுக்கு 2 என்று பனியனில் ஒட்டிவிடலாம். கால்பந்தில் இதைச் சோதித்து 2017-ல் முடிவு வெளியிட்டார்கள். பிறந்த தேதியைத் தாளில் எழுதிக் கொடுத்தபோது செலக்டர்களின் சாய்வு குறையவில்லை. சட்டை நம்பரே வயதைக் காட்டியபோது மறைந்துவிட்டது. செலவு என்ன? கொஞ்சம் பேப்பர், நாலு குண்டூசி!

2. மேட்ச் வைக்கும்போது நாலு பேர் நாலு பேராகச் சின்ன இடத்தில் ஆட விட வேண்டும். இருபத்திரண்டு பேர் ஆட்டத்தில் சில பையன்களுக்குப் பந்தே வராது. பந்து வராதவனுக்கு எப்படி மார்க் போடுவது?

3. ஒரே நாளில் முடிக்காமல் இரண்டு மூன்று நாள் பார்க்க வேண்டும். செலக்டர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் தனித்தனியாக மார்க் எழுதிவிட்டு, அப்புறம் கூடிப் பேச வேண்டும்.

4. ஓட்டத்துக்கும் அடிக்கும் மட்டும் மார்க் போடக் கூடாது. பந்து வருவதற்கு முன் தலையைத் தூக்கிப் பார்க்கிறானா, பந்து இல்லாதபோது சரியான இடத்தில் நிற்கிறானா என்பதற்கும் மார்க் வேண்டும். இது உயரத்தைப் பொறுத்தது இல்லை.

5. ‘பி’ டீமுக்கும் அதே கோச், அதே நேரம். முக்கியமாக, நடு சீசனில் லிஸ்டை மறுபடி திறக்க வேண்டும்.

6. எடுபடாதவனைத் தனியாகக் கூப்பிட்டு எதில் முன்னேற வேண்டும், மறுபடி எப்போது வர வேண்டும் என்று சொல்ல வேண்டும். போர்டில் லிஸ்டை ஒட்டிவிட்டுப் போவது பெரிய மனுஷத்தனம் இல்லை.

நம்ம ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பிறந்த தேதியே சரியாக இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஹெட்மாஸ்டர் பார்த்துப் போட்ட தேதிதான் பலருக்குப் பிறந்த நாள். வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கி இறக்கும் வேலையும் விளையாட்டில் நடக்கிறது. அது ஒரு சின்னப் பையனின் இடத்தைத் திருடுவதற்குச் சமம்.

நண்பர்களே!

இது ஹாக்கியோடு முடிகிற விஷயமா? பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து நம்மையும் பதினைந்து வயதில் பிரித்தார்கள். ‘பாலிடெக்னிக்கா?’ என்று இழுத்துக் கேட்டவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் நமக்கு லேட்டரல் என்ட்ரி என்று ஒரு வழி இருக்கிறது. டிப்ளமோ முடித்து நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். நடு சீசனில் லிஸ்டை மறுபடி திறப்பது என்று மேலே சொன்னேனே, அது இதுதான். எங்க வீட்டில் முதல்முதலாகப் படிக்க வந்தவன் என்ற முறையில் அந்தத் திறந்த கதவின் அருமை எனக்குத் தெரியும்.

இன்னும் சில வருஷத்தில் நம்மில் பலர் ஊர்ப் பொங்கல் விளையாட்டில் விசில் ஊதுவோம். கிளப் டீமுக்குப் பையன்களைத் தேர்ந்தெடுப்போம். பட்டறையில் அப்ரெண்டிஸ் எடுப்போம். அப்போது ஓரத்தில் குள்ளமாக ஒருத்தன் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவனிடம் முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்.

‘தம்பி, நீ எந்த மாசம் பிறந்த?’